ஒரு ‘பாவி’ வைனும் ரெண்டு நாக்கும்

ரெண்டு நிபுணர் ஒரே வைனைக் குடிச்சுப்போட்டு ரெண்டு விதமா மார்க் போட்டால் காணும், உடனை ஒரு தீர்ப்பு வந்து விழும்: “பாத்தியளே, உவையெல்லாம் சும்மா கதை விடுகினம். ருசியில என்ன நிபுணர் வேண்டிக் கிடக்கு?” எனக்கு இந்தக் கதையைக் கேட்டால் விசர் வரும். கதை முழுக்கப் பிழை எண்டதால இல்லை. அரைவாசி சரி, அந்த அரைவாசியைப் பிடிச்சுக்கொண்டு மிச்சத்தை யோசிக்காமல் விடுகினம் எண்டதாலதான். ரெண்டு டொக்டர் ரெண்டு விதமாச் சொன்னால் வைத்தியமே பொய் எண்டு நாங்கள் முடிவெடுக்கிறேல்லை. வைனெண்டால் மட்டும் ஏன் அந்த அவசரம்? (குடி விசயம் எழுதுறானே எண்டு முகம் சுளிக்கிறவைக்கு: ஒருத்தரையும் குடிக்கச் சொல்லேல்லை. வன்னியில குடியால குலைஞ்ச வீடுகள் எத்தினை எண்டு எல்லாருக்கும் தெரியும். இது ருசியைப் பற்றின கதையும் இல்லை, தீர்ப்பைப் பற்றின கதை. வாசிச்சுப் பாருங்கோ.)

இந்தச் சண்டையை வடிவா விளங்கிறதுக்கு உலகத்திலயே நல்ல உதாரணம் 2003ஆம் ஆண்டு ‘ஷத்தோ பாவி’. (பேர் அப்பிடித்தான், நான் ஆரையும் திட்டேல்லை.) பிரான்ஸில போர்டோப் பக்கம் சென் எமிலியோன் எண்ட ஊர்ச் சரிவில இருக்கிற பழைய திராட்சைத் தோட்டம் அது. சுப்பர்மார்க்கெட் வியாபாரத்தில காசு சேர்த்த ஜெரார் பேர்ஸ் எண்டவர் 1998இல அதை வாங்கினார். வாங்கினவர் சும்மா இருக்கேல்லை. கொடியில காயைக் குறைச்சார், பழத்தை நல்லாப் பழுக்க விட்டு ஆய்ஞ்சார், சாயமும் சாறும் கனக்க இறங்கிற மாதிரி ஊற விட்டார், புது ஓக் பீப்பாவில வைச்சு எடுத்தார். ஆலோசனைக்கு மிஷேல் ரோலான். (பெங்களூருக்குக் கிட்ட நந்தி மலையில குரோவர் தோட்டத்துக்கும் ஆலோசனை சொன்ன அதே மனிசன்தான்.) கறுத்த, தடிச்ச, வாய் நிறையிற வைன். பழைய போர்டோ ஆக்களுக்கு இந்தப் போக்கு பிடிக்கேல்லை, புது ஆக்களுக்கு நல்லாப் பிடிச்சுது. அதுக்குள்ள 2003 வந்துது.

2003 ஓகஸ்ற் வெய்யில் ஐரோப்பாவை என்ன செய்தது எண்டதுக்கு ஒரு கணக்குக் காணும்: பிரான்ஸில மட்டும் கிட்டத்தட்ட 15,000 பேர் அந்த வெக்கையால செத்துப்போச்சினம். மனிசருக்கே அந்த நிலைமை எண்டால் திராட்சைக்கு எப்பிடி இருந்திருக்கும்? சாதாரண வருசத்தில பழத்துக்குள்ள மூண்டு விசயம் ஏறக்குறைய ஒண்டாச் சேர்ந்து நடக்கும். சீனி ஏறும், புளிப்பு இறங்கும், தோலிலயும் விதையிலயும் இருக்கிற துவர்ப்பு முத்தி மெதுமையாகும். கடும் வெக்கையில இந்த மூண்டும் பிரிஞ்சு போகும். சீனி பாய்ஞ்சு ஏறும், புளிப்பு எரிஞ்சு போகும், கொடி தண்ணியில்லாமல் வேலையை நிப்பாட்டினால் துவர்ப்பு மட்டும் முத்தாமல் நிண்டிடும். தோட்டக்காரனுக்கு ரெண்டு வழிதான். வெள்ளன ஆய்ஞ்சால் புளிப்பைக் காப்பாத்தலாம், ஆனால் துவர்ப்பு பச்சையா வரும். பிந்தி ஆய்ஞ்சால் துவர்ப்பு மெதுமையாகும், ஆனால் பழம் வத்தல் வாசத்துக்குப் போயிடும். ரெண்டிலயும் நட்டம் இருக்கு. ‘கஷ்டமான வருசம்’ எண்டு வைன் ஆக்கள் சொல்லுறதில இதுவும் ஒண்டு. மழை மட்டும்தான் வெள்ளாண்மையைக் கெடுக்கும் எண்டில்லை. வன்னியில இருந்துகொண்டு இதைச் சொல்லத் தேவையில்லை.

இனிச் சண்டைக்கு வாறன். போர்டோவில வைனைப் பீப்பாவில இருக்கேக்கையே விக்கிற வழக்கம். வெள்ளாண்மை முடிஞ்சு அடுத்த வசந்தத்தில நிபுணர்மார் போய் மாதிரியை ருசிச்சு எழுதுவினம், அதைப் பாத்து ஆக்கள் காசு கட்டுவினம், போத்தல் கைக்கு வர இன்னும் ஒண்டிரண்டு வருசம். அப்பிடி 2004இல ரெண்டு பெரிய தலை பாவியை ருசிச்சினம். ஒராள் அமெரிக்காவின் ரொபேர்ட் பார்க்கர். மேரிலாண்டில சட்டத்தரணியா இருந்து வைன் எழுத்துக்கு வந்தவர். அவற்றை 100 மார்க் முறை உலகச் சந்தையையே ஆட்டினது. மற்றவ இங்கிலாந்தின் ஜான்சிஸ் ரொபின்சன். வைன் வியாபாரத்துக்கு வெளியில இருந்து ‘மாஸ்ரர் ஒஃப் வைன்’ பரீட்சை பாஸ் பண்ணின முதல் ஆள், 1984இல. பார்க்கர் பாவியைத் தலையில தூக்கி வைச்சு, 100ஐயே தொடலாம் எண்ட வரிசையில மார்க் போட்டார். ரொபின்சன் 20க்கு 12 போட்டா. பழம் அளவுக்கு மிஞ்சிப் பழுத்துப்போச்சு, மணமே குடிக்கத் தூண்டேல்லை, போர்த்துக்கல்லின் இனிப்பு ‘போர்ட்’ வைன் மாதிரி இருக்கு, இதைப் போர்டோ எண்டு சொல்லேலாது எண்டது அவவின்ரை கருத்து. மைக்கல் புரோட்பென்ற், கிளைவ் கோட்ஸ் எண்ட மூத்த இங்கிலீஸ்காரர் அவவின்ரை பக்கம் நிண்டினம். பார்க்கர் கோவிச்சார். இந்த அம்மா பேர்ஸின்ரை வைன் எதையும் விடாமல் குத்திறவதானே எண்ட மாதிரி எழுதினார். அவ, வைனின்ரை பேரை மறைச்சு வைச்சுத்தான் ருசிச்சனான் எண்டு பதில் சொன்னா. பேப்பர்காரருக்குக் கொண்டாட்டம்.

முதல்ல அந்த ரெண்டு நம்பரையும் சரியா வாசிப்பம். 20க்கு 12 எண்டால் நூற்றுக்கு 60, பாஸ்தானே எண்டு எங்கட பள்ளிக்கூடக் கணக்கில நினைச்சால் பிழை. ரொபின்சனின்ரை அளவில 15 எண்டால் சாதாரணம், 14 எண்டால் சப்பெண்ட வைன், 12 எண்டால் ‘குறை இருக்கு, இல்லாட்டிச் சமநிலை இல்லை’. அதோட முடிஞ்சுது. பார்க்கரின்ரை அளவு தொடங்கிறதே 50இலதான். அதால ரெண்டு பேருக்கும் நடுவில உள்ள தூரம் கடதாசியில தெரியிறதை விடப் பெரிசு. ஒராள் வருசத்தின்ரை உச்சம் எண்டுறார், மற்றவ இது வைனாவே சமநிலையா வரேல்லை எண்டுறா. ஆனால் நம்பரை விட்டுப்போட்டு எழுத்தை மட்டும் வாசிச்சுப் பாருங்கோ, ஒரு ஆச்சரியம் இருக்கு. ரெண்டு பேரும் வாயில கண்டது கிட்டத்தட்ட ஒண்டுதான்! நல்லாப் பழுத்தது, செறிவானது, பாரமானது. அதில சண்டையே இல்லை. சண்டை எல்லாம், அப்பிடிப்பட்ட ஒண்டு போர்டோ எண்ட பேரில வரலாமோ எண்டதில. பார்க்கர் கேட்ட கேள்வி: ‘இந்த வெக்கையிலயும் இந்தத் தோட்டம் எவ்வளவு சத்தையும் செறிவையும் பிழிஞ்சு எடுத்திருக்கு?’ ரொபின்சன் கேட்ட கேள்வி: ‘சாப்பாட்டோட வைச்சுக் குடிக்கிற, புளிப்பும் துவர்ப்பும் சமமா நிக்கிற போர்டோ எண்டதுக்குள்ள இது அடங்குதோ?’ கேள்வி ரெண்டு. அப்ப பதிலும் ரெண்டாத்தான் வரும்.

நான் சொல்ல வாறது இதுதான். நல்ல வருசத்தில இந்த ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில் வரும். செறிவும் இருக்கும், சமநிலையும் இருக்கும், அதால எல்லாரும் ஒரே மாதிரித் தலையாட்டுவினம், எல்லாரும் நிபுணர். கஷ்டமான வருசம் அந்த ரெண்டையும் பிச்சுப் போடுது. ஒண்டை எடுத்தால் மற்றதை விட வேணும். அப்பதான் ஒவ்வொரு நிபுணரும் தான் எதைப் பெரிசா மதிக்கிறன் எண்டதை மறைக்கேலாமல் காட்டவேண்டி வருது. ஆகவே கெட்ட வருசத்துச் சண்டை நிபுணத்துவம் பொய் எண்டதுக்குச் சாட்சி இல்லை. வாசிக்கிற எங்களுக்கு அதிகமா உதவுற தகவலே அந்தச் சண்டையிலதான் கிடக்கு.

இது பிரெஞ்சுக்காரற்றை பகட்டு எண்டு நினைக்கிறவைக்கு எங்கட நாட்டுக் கதை ஒண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறின குடும்பங்கள் இருக்கினம், அவையளிட்டைத் தேயிலையைப் பற்றிக் கேட்டால் வகுப்பே எடுப்பினம். ஆடி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் தென்மேல் பருவக் காத்து மலைக்கு அங்கால மழையைக் கொட்டிப்போட்டு, இஞ்சால ஊவாப் பக்கம் வரண்ட காத்தா இறங்கும். நாங்கள் இஞ்சை புழுதியோட பிடிச்சுத் திட்டுற அதே கச்சான் காத்துத்தான். ஊவாத் தேயிலைச் செடி அந்தக் காத்தில வாடும், கொழுந்து குறையும், ஆனால் அந்தக் கஷ்டத்தாலதான் அதில ஒரு தனி வாசம் ஏறும். யப்பான்காரர் அந்தப் பருவத் தேயிலையைத் தேடி வாங்குவினம். மத்திய கிழக்குக்குப் போறது கனக்க ருகுணை, சப்ரகமுவாப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை, கறுத்த, கடும் சாயம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல தொடங்கினது. அங்கை ருசி பாக்கிறவர் வெள்ளைக் கோப்பையை வரிசையா வைச்சு உறிஞ்சித் துப்பிப்போட்டு, ‘நல்லது’, ‘கூடாது’ எண்டதோட விடுறேல்லை. எந்தச் சந்தைக்கு எது எண்டு பாப்பார். ஊவா வாசத்துக்கு யப்பான் காசு கட்டினதால, சாயம் காணாது எண்டு மற்றவன் விட்டது முட்டாள்தனம் எண்டு ஆரும் சொல்லுறேல்லை. ரெண்டு பேரும் தேயிலை தெரிஞ்ச ஆக்கள்தான். வைனில மட்டும் ஒராள் வெல்ல மற்றாள் தோக்க வேணும் எண்டு நிக்கிறம்.

சரி, எதிர்க்கேள்வியளுக்கு வாறன். முதலாவது, இருக்கிறதிலயே பலமானது: ‘நிபுணர் தன்ரை நாக்கோடயே ஒத்துப்போறேல்லையே!’ இதுக்கு ஆதாரம் இருக்கு. ரொபேர்ட் ஹொட்ஜ்சன் எண்ட புள்ளிவிபரப் பேராசிரியர் (தானும் சின்னதா வைன் செய்யிறவர்) கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில ஒரு சோதனை வைச்சு 2008இல முடிவை வெளியிட்டார். ஒரே போத்தலில இருந்து ஒரே வைனை நடுவர்மாருக்குத் தெரியாமல் மூண்டு தரம் ஊத்திக் குடுத்தது. பத்தில ஒருத்தர் அளவுதான் மூண்டு தரமும் ஒரே பதக்க வரிசைக்குள்ள மார்க் போட்டினம். மற்றவைக்கு மார்க் நாலு கூடியும் நாலு குறைஞ்சும் ஆடினது. பொல்லாத சோதனை, மறுக்கேலாது. 2001இல பிரெடெரிக் புரோஷே எண்டவர் போர்டோவில வெள்ளை வைனுக்குச் சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவருக்குக் குடுக்க, அவையள் சிவப்பு வைனுக்குரிய சொல்லாலயே அதை வர்ணிச்ச கதையும் இருக்கு. நான் இதையெல்லாம் ஏத்துக்கொள்ளுறன். ஒரு மார்க், ரெண்டு மார்க் வித்தியாசத்தை வைச்சு 92 பெரிசோ 93 பெரிசோ எண்டு அடிபடுறது விசர்வேலை எண்டுறதுக்கு ஹொட்ஜ்சன் போதும். ஆனால் பாவிச் சண்டைக்கு அந்த விளக்கம் காணாது. நாக்குத் தடுமாறினால் அது ஒரு தரம் இஞ்சால, ஒரு தரம் அங்கால தடுமாறும், அதுக்குத் திசை இல்லை. பார்க்கருக்கும் ரொபின்சனுக்கும் திசை இருக்கு. பார்க்கர் வருசக்கணக்கா செறிவான, நல்லாப் பழுத்த பக்கம் சாய்ஞ்சவர், போத்தலில அடைச்ச பிறகும் பாவிக்கு உயர்ந்த மார்க்தான் குடுத்தார். ரொபின்சன் வருசக்கணக்கா அடக்கமான, புளிப்பு உயிரோட இருக்கிற பக்கம் நிண்டவ. இப்பிடி வருசம் வருசமா ஒரே பக்கம் போறதைத் தடுமாற்றம் எண்டேலாது. அது கொள்கை.

ரெண்டாவது: ‘காலம் தீர்ப்புச் சொல்லும். பத்திருபது வருசத்தால போத்தலைத் திறந்து பாத்தால் ஆர் சரி எண்டு தெரியும்.’ இதுக்கு ஆதாரமா பார்க்கரின்ரை ஆக்கள் 1982ஐக் கொண்டு வருவினம். அந்த வருசமும் வெய்யில் வருசம். பழம் கூடப் பழுத்திட்டுது, புளிப்புக் காணாது, நிண்டுபிடியாது எண்டு ரொபேர்ட் ஃபினிகன் மாதிரிப் பேரெடுத்த எழுத்தாளரே சொல்ல, பார்க்கர் துணிஞ்சு நிண்டு ‘இது மகா வருசம்’ எண்டார். பிறகு அவர்தான் சரி எண்டு கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கொண்டினம், அவற்றை பேரே அங்கை இருந்துதான் எழும்பினது. நல்ல வாதம். ஆனால் 1982இல செறிவும் சமநிலையும் ஒண்டாய்த்தான் இருந்திருக்கு, அப்ப இருந்த ஆக்களுக்கு அது கண்ணில படேல்லை, அவ்வளவும்தான். 2003இல ரெண்டும் உண்மையிலேயே பிரிஞ்சது. ஒருக்கா வெண்ட வழக்கை அடுத்த வழக்குக்குச் சாட்சியாக் கொண்டு வரேலாது. அதோட காலம் எண்ட நீதவான் இன்னும் ஒரு முடிவுக்கும் வரேல்லை. 2012இல சென் எமிலியோன் தரப்படுத்தலில பாவி உச்ச ‘ஏ’ வகுப்புக்கு ஏறினது, பேர்ஸ் வெண்டார் எண்டு கொஞ்சப் பேர் கை தட்டினம். ஆனால் அந்தத் தரப்படுத்தலே கோட்டு வழக்கெண்டு இழுபட்டுது. 2022இல அடுத்த தரப்படுத்தல் வர முதலே ஓசோன், ஷெவால் பிளாங், ஆஞ்செலூஸ் எண்ட மற்ற மூண்டு ‘ஏ’ தோட்டமும் வெளியேறிட்டுது. கடைசியில பாவியும் புதுசா ஏறின ஃபிஜாக்கும்தான் மிஞ்சினது. மூண்டு பேர் ஓடாமல் விட்ட ஓட்டத்தில வந்த இடத்தை வைச்சு 2003 வைனுக்குத் தீர்ப்பு எழுதேலாது.

மூண்டாவது எதிர்க்கேள்வி கொஞ்சம் நுட்பமானது, எனக்கு நல்லாப் பிடிச்சதும் இதுதான்: ‘போர்டோ எண்டால் இப்பிடித்தான் இருக்க வேணும் எண்டு ஆர் சொன்னது? ஊர் மாறுது, காலநிலை மாறுது, ருசியும் மாறத்தானே வேணும்?’ இதுக்குப் போர்டோவே ஒரு சாட்சி தந்திருக்கு. வெக்கை கூடிக்கொண்டு போறதால, 2021இல புதுசா ஆறு திராட்சை இனத்துக்கு அங்கை அனுமதி குடுத்தினம். சாதாரண போர்டோ, போர்டோ சுப்பீரியர் எண்ட பேரில வாறதுக்கு மட்டும், அதுவும் தோட்டத்தில நூற்றுக்கு 5, கலவையில நூற்றுக்கு 10 எண்ட கட்டுப்பாட்டோட. அந்த ஆறில ஒண்டு தூரிகா நசியோனால். போர்த்துக்கல்லில போர்ட் வைன் செய்யிற முக்கியமான இனம்! ரொபின்சன் ‘போர்ட் மாதிரி இருக்கு’ எண்டு தள்ளி 17 வருசத்தால, போர்ட் திராட்சையே போர்டோவுக்குள்ள சட்டப்படி வந்திட்டுது. பார்க்கரின்ரை பக்கத்துக்கு இதைவிட நல்ல பகிடி கிடையாது. ஆனால் அந்த அனுமதி ஏன் வந்தது எண்டு பாருங்கோ. வெக்கையிலயும் புளிப்பையும் சமநிலையையும் காப்பாத்திற இனம் வேணும், பழைய போர்டோ ருசி கைவிட்டுப் போகக்கூடாது எண்ட பயத்திலதான். அப்ப ரொபின்சன் காட்டின கவலை உண்மையான கவலை எண்டு ஊரே ஒப்புக்கொண்ட மாதிரித்தானே? அளவுகோல் நகரலாம். நகருது எண்டதுக்காக அளவுகோலே இல்லை எண்டு ஆகாது.

நாலாவது: ‘இதெல்லாம் காசு. சார்பு. நட்பு.’ இருக்கலாம், எங்கதான் இல்லை? ஒரு மார்க்கால தோட்டத்தின்ரை விலை ஏறி இறங்கிற உலகம் அது. பார்க்கருக்குப் பிடிச்ச மாதிரி வைன் செய்யப் போய்க் கன தோட்டம் ஒரே முகமா மாறிட்டுது எண்ட குற்றச்சாட்டும் சும்மா வந்ததில்லை. ஆனால் சார்பு எண்ட ஒரு சொல்லை வைச்சு எதிராளியின்ரை காரணத்தைப் பாக்காமல் விடுறதுதான் இந்தச் சண்டையிலயே மோசமான அடி. பார்க்கர் விட்ட பிழை அவற்றை மார்க்கில இல்லை. ‘பழம் கூடப் பழுத்திட்டுது, சமநிலை இல்லை’ எண்டு ஒருத்தி காரணம் சொல்லேக்கை, ‘உனக்கு அவரைப் பிடிக்காது’ எண்டு பதில் சொன்னதிலதான் பிழை. அவ பேரை மறைச்சு வைச்சு ருசிச்சது தெரிஞ்ச பிறகு அந்தப் பதில் இன்னும் நொண்டுது. கிளைவ் கோட்ஸும் குறைஞ்சவர் இல்லை. இந்த வைனை நல்லதெண்டு சொல்லுறவனுக்கு மூளையும் நாக்கும் மாத்த வேணும் எண்ட கணக்கில எழுதினவர். ரெண்டு பக்கமும் ஆளைத்தான் அடிச்சினம். அந்தச் சத்தத்தில ‘எந்தக் கேள்விக்கு என்ன பதில்’ எண்டு கேக்க ஒருத்தருக்கும் நேரம் வரேல்லை.

எங்கட பக்கத்தில நெல் விக்கேக்கை ஈரப்பதனை அளந்துதான் எடுப்பினம். மெசினைக் குத்தினால் நம்பர் வரும், அதில ரெண்டு கருத்துக்கு இடமில்லை. வைனிலயும் அப்பிடி அளக்கிற சாமான் கனக்க இருக்கு. அற்ககோல், புளிப்பு, மிச்சச் சீனி எல்லாத்துக்கும் மெசின் இருக்கு, பார்க்கரும் ரொபின்சனும் அதில சண்டை பிடிச்சிருக்க மாட்டினம். 20க்கு 12, 100க்கு 100 எண்டதையும் நாங்கள் அந்த மெசின் நம்பர் மாதிரி வாசிக்கிறம், சிக்கல் அங்கைதான். அது அளவு இல்லை, தீர்ப்பு. தீர்ப்பெண்டால் காரணத்தோட வாசிக்க வேணும். காரணம் இல்லாத 98ஐ விடக் காரணத்தோட வந்த 12 எனக்கு உதவும், நான் அந்த 12ஐ ஒத்துக்கொள்ளாட்டிலும். பாரமான, இனிப்புப் பழ வைன் பிடிச்ச ஆளுக்கு ரொபின்சனின்ரை திட்டே நல்ல விளம்பரம். அடக்கமான வைன் பிடிச்ச ஆளுக்குப் பார்க்கரின்ரை புகழ்ச்சியே எச்சரிக்கை. சண்டை பிடிச்ச ரெண்டு பேரும் தங்களை அறியாமலே எதிர்ப்பக்க வாசகருக்கும் உதவி செய்திருக்கினம்.

என்ரை தீர்ப்பைக் கேட்டால் சொல்லிப்போடுறன், நழுவேல்லை. 2003 பாவியை ரெண்டு பேரும் சரியாத்தான் ருசிச்சிருக்கினம். ஆனால் ‘போர்டோ’ எண்ட பேரைப் போட்டு, பீப்பாவில இருக்கேக்கையே காசு வாங்கி விக்கிற சாமானுக்கு ரொபின்சன் கேட்ட கேள்விதான் முதல் கேட்கவேண்டியது. காசைக் கட்டிப்போட்டுக் காத்திருக்கிறவன் அந்தப் பேரை நம்பித்தான் கட்டுறான். அந்தப் பேருக்குள்ள இருக்கிறது வேற எண்டால், எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதை முதல்லயே சொல்ல வேணும். அவ சொன்னா.

உங்களிட்டைக் கேக்கிறது ஒண்டுதான். வைனோ, தேயிலையோ, படமோ, பரீட்சைப் பேப்பரோ, ரெண்டு தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு விதமாச் சொல்லேக்கை ‘ஆர் பொய்’ எண்டு கேக்க முதல், ‘இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுறார்’ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. அந்தக் கேள்விக்கு அவற்றை எழுத்தில பதில் இல்லையெண்டால், அந்த மார்க்கைக் கணக்கில எடுக்காதேங்கோ.